இழைப்புளியைத் தொடவிடாத கண்காட்சி

வாசகர் கேள்வி: கைக்கருவிகள் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். இழைப்புளி, உளி, மூலைமட்டம், உளி தீட்டுவதற்கான பிடிப்பான் ஆகியவை என் தயாரிப்புகள். பதினோரு ஆண்டுகளாக ஒரே மரவேலைக் கண்காட்சியில் அரங்கு எடுக்கிறேன். தொடக்கத்தில் நின்று பேசக்கூட நேரமிருக்காது, அவ்வளவு கூட்டம் வரும். கடைசி மூன்று முறையும் வாடகைக்கும் பயணத்துக்கும் ஆன செலவைக்கூட விற்பனையில் எடுக்க முடியவில்லை. பெரிய இயந்திர நிறுவனங்கள் வருவதை நிறுத்திவிட்டன. ஓய்வு நேரத்தில் மற்ற அரங்குகளைச் சுற்றிப் பார்த்தால் எனக்கே சலிப்பாக இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இரண்டு கருவிகள் திருடுபோனதால், இப்போது எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் காட்டுகிறேன். அடுத்த கண்காட்சிக்கு முன்பணம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. கட்டலாமா? குறை என்னிடமா, கண்காட்சியிடமா?

பதில்: வணக்கம். இப்போதுள்ள அளவிலும் இப்போதுள்ள நிபந்தனைகளிலும் அந்த அரங்குக்கு முன்பணம் கட்ட வேண்டாம். ஆனால் கண்காட்சிக்கே போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை இருக்கிறது என்பதால், முதலில் அதை எடுத்துக்கொள்கிறேன். மரவேலை இயந்திர விற்பனையில் செயல்விளக்கம் காட்டுபவனாகப் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையிலும், பின்னர் அரங்கு எடுப்போருக்கு ஆலோசனை சொல்பவன் என்ற முறையிலும் நான் பார்த்தவற்றை வைத்தே எழுதுகிறேன்.

மரவேலைக் கண்காட்சி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட நிகழ்வுகள் நடக்கின்றன. ஒன்று தொழிற்சாலைகளுக்கானது. 1975ஆம் ஆண்டிலிருந்து ஜெர்மனியின் ஹனோவரில் ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறும் லிக்னா, இரட்டைப்படை ஆண்டுகளில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடைபெறும் பன்னாட்டு மரவேலைக் கண்காட்சி, இத்தாலியின் மிலானில் நடைபெறும் சைலெக்ஸ்போ ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. அங்கே வருபவர் பலகை வெட்டும் வரிசை ஒன்றையோ கணினி வழி இயங்கிப் பலகையைக் குடையும் ரவுட்டரையோ வாங்கும் எண்ணத்துடன், தன் பொறியாளரையும் கூட்டிக்கொண்டு வருகிறார். மற்றொன்று, பொழுதுபோக்காக மரவேலை செய்வோரும் ஓரிருவர் வேலை செய்யும் சிறு பட்டறைக்காரர்களும் வார இறுதியில் வந்துபோகும் கண்காட்சி. நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாம் வகையைப் பற்றி. முதல் வகையும் ஆட்டங்கண்டதுதான் என்றாலும், அடி பலமாக விழுந்தது இரண்டாம் வகைக்கே. தொழிற்சாலைக் கண்காட்சிகளின் நிறைந்த கூடங்களைக் காட்டி உங்கள் ஏற்பாட்டாளர் ஆறுதல் சொன்னால், அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் பார்வையாளர்கள் எதற்காக வந்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால் நான்கு காரணங்கள் தெரியும். புதிதாக என்ன வந்திருக்கிறது என்ற செய்தி, கண்காட்சிக்கென்று குறைத்துக் கொடுக்கும் விலை, பொருளைக் கையிலெடுத்துப் பார்க்கும் வாய்ப்பு, தன்னைப்போலவே மரத்தூளோடு வாழும் மனிதர்களின் பேச்சு. இவற்றுள் முதல் இரண்டும் ஏறத்தாழ முழுவதுமாகப் போய்விட்டன. புதுக் கருவி ஒன்று வெளிவந்தால் அன்று மாலையே அதைப் பயன்படுத்திப் பார்க்கும் காணொளி நம் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. யூடியூப் 2005இல் தொடங்கியபோது இதை எவரும் இவ்வளவு தெளிவாகக் கண்டிருக்கவில்லை. விலையைப் பொறுத்தவரை, பெயர்பெற்ற பல தயாரிப்பாளர்கள் இவ்வளவுக்குக் கீழே விளம்பரம் செய்யக்கூடாது என்று விற்பனையாளர்களைக் கட்டுப்படுத்துவதால், கண்காட்சிச் சலுகை என்று எழுதி ஒட்டிய விலையும் வீட்டிலிருந்தே வாங்கும் விலையும் பல நேரங்களில் ஒன்றாகவே இருக்கின்றன. அப்படியிருக்க, நுழைவுக்கட்டணமும் வண்டி நிறுத்தக் கட்டணமும் கொடுத்து, கனமான பொருளைத் தோளில் சுமந்துகொண்டு எவர் போவார்? எஞ்சியிருப்பவை மூன்றாவதும் நான்காவதும்தான்.

தொட்டுப் பார்ப்பதன் மதிப்பை விளக்க ஒரு வரலாறு சொல்கிறேன். விரல் பட்டதும் நின்றுவிடும் மேசை ரம்பத்தை ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர் 1999இல் உருவாக்கினார். மனித உடலின் மின்கடத்தும் தன்மையை உணர்ந்து, அலுமினியக் கட்டை ஒன்றைச் சுழலும் ரம்பத்தின் பற்களுக்குள் திணித்து, சுமார் 5 மில்லி விநாடிக்குள் அதை நிறுத்திவிடும் சாஸ்டாப் என்னும் அமைப்பு அது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் அட்லாண்டா கண்காட்சியில் அதைக் காட்டினார்கள். விரலுக்குப் பதிலாகத் தொத்திறைச்சித் துண்டு ஒன்றைச் சுழலும் ரம்பத்தை நோக்கித் தள்ளினால், ஒரு வெடிச்சத்தம் கேட்கும், ரம்பம் மேசைக்குக் கீழே மறைந்துவிடும், துண்டில் சிறு கீறல் மட்டும் இருக்கும். விளக்கத் தாளில் ஆயிரம் சொற்கள் எழுதினாலும் நம்பாத தொழிலாளியை அந்த ஒரு சத்தம் நம்பவைத்துவிடும். பெரிய நிறுவனங்கள் அந்த அமைப்பின் உரிமத்தை வாங்க முன்வராததால், காஸின் குழுவினர் 2004இல் தாங்களே ரம்பங்களை விற்கத் தொடங்கினார்கள்.

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே செயல்விளக்கம் பின்னர் காணொளியாகப் பரவியது. கண்காட்சிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்கள் எத்தனையோ பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள். கண்ணாலும் காதாலும் நம்பக்கூடிய எதையும் காணொளி தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதையே இது காட்டுகிறது. கையால் மட்டுமே நம்பக்கூடியதை அது தொட முடியாது. இழைப்புளியின் அலகை ஒரு முடியளவு வெளியே தள்ளும்போது திருகு எவ்வளவு தளர்வாகச் சுழன்று பிறகு பிடிக்கிறது என்பது, கைப்பிடியின் வளைவு உள்ளங்கையில் எங்கே உறுத்துகிறது என்பது, மரத்தின் ரேகைக்கு எதிராகத் தள்ளும்போது அடிப்பாகம் அதிர்கிறதா என்பது, இவையெல்லாம் மூன்று நிமிடம் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்று மணி நேரம் திரையில் பார்த்தாலும் தெரியாது. உங்கள் பொருள்கள் இந்த வகையைச் சேர்ந்தவை என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

கண்காட்சிகள் தேய்ந்ததற்கு நான் முதன்மையாகக் கருதும் காரணத்துக்கு இப்போது வருகிறேன். செய்தியையும் விலையையும் இணையம் எடுத்துக்கொண்டது ஏற்பாட்டாளர்களின் தவறு அன்று. ஆனால் இணையத்தால் கொடுக்க முடியாத ஒன்று கையில் எஞ்சியிருந்தபோது, செலவைக் குறைப்பதற்காக அதையே முதலில் வெட்டினார்கள். இயந்திரத்தை ஓட்டிக் காட்ட மும்முனை மின்சாரம் வேண்டும், அழுத்தக் காற்று வேண்டும், தூள் உறிஞ்சும் குழாய்கள் வேண்டும், வெட்டுவதற்கு வண்டி நிறையப் பலகை வேண்டும், வெட்டிய மிச்சத்தை இரவில் அள்ள ஆள் வேண்டும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகையில் சேர்த்தது. மூடிய கூடத்துக்குள் தூள் பறக்க விடுவதைப் பற்றிய கவலையில் நியாயம் இருக்கிறது, நான் அதைக் குறைசொல்ல மாட்டேன். இரைச்சலைப் பற்றிப் பக்கத்து அரங்குக்காரர் முறையிடுவதும் நியாயந்தான். ஆனால் இத்தனை நியாயங்களும் சேர்ந்து என்ன செய்தன என்றால், வண்ணப்பூச்சு மின்னும் இயந்திரம் ஒன்று கம்பளத்தின் மேல் அசையாமல் நிற்கிறது, அதன் தலைக்கு மேலே தொங்கும் திரையில் அதே இயந்திரம் வெட்டுகிறது. அந்தக் காணொளியைப் பார்வையாளர் போன வாரமே வீட்டில் பார்த்துவிட்டார்.

இந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. நான் வேலை பார்த்த நிறுவனத்தில், ஒரு மந்தமான ஆண்டில், பலகையின் விளிம்பில் பட்டை ஒட்டும் இயந்திரத்தை ஓட்டாமல் நிறுத்திவைத்தால் மின் இணைப்புச் செலவும் இரண்டு ஆள்களின் பயணச் செலவும் மிச்சமாகும் என்று பரிந்துரைத்தவன் நானே. செலவு மிச்சமானது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய கண்காட்சியில், தன் பட்டறையிலிருந்து கொண்டுவந்த பலகைத் துண்டைப் பைக்குள்ளிருந்து எடுத்து “இதை ஒட்டிக் காட்டுங்கள்” என்று கேட்டவர்கள் பலர் இருந்தார்கள். அந்த ஆண்டு அப்படி வந்தவர்கள், ஓடாத இயந்திரத்தைப் பார்த்துவிட்டுத் துண்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போனார்கள். அடுத்த முறை அவர்கள் வரவில்லை. கூட்டம் குறைந்துவிட்டது என்று நாங்கள் அறிக்கை எழுதினோம்.

அரங்கு எடுப்போர் விலகுவதற்கும் இதே சுழல்தான் காரணம். வாடகை என்பது மொத்தச் செலவில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அரங்கை அமைப்பது, பொருளைக் கொண்டுபோய் இறக்குவது, கூடத்துக்குள் நகர்த்துவதற்குத் தனியாகக் கேட்கும் கூலி, மின்சாரம், தங்குமிடம், அத்தனை நாள் பட்டறையில் நின்றுபோகும் வேலை என்று மீதி இரண்டு பங்கும் வேறு வழிகளில் போய்விடுகின்றன. பெரிய இயந்திர நிறுவனத்துக்கு இந்தச் செலவு பன்மடங்கு. அதற்கு மாற்றுவழியும் உண்டு. ஜெர்மனியின் மரவேலை இயந்திர நிறுவனமான ஹோமாக் ஷாப்ஃப்லாக்கில் உள்ள தன் இடத்திலேயே வாடிக்கையாளர்களை அழைத்துக் கண்காட்சி நடத்துவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறது. போட்டியாளர் எவரும் பக்கத்தில் இல்லை, இயந்திரத்தைக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. பெருந்தொற்றால் 2020இல் அட்லாண்டா கண்காட்சியும் 2021இல் ஹனோவர் கூடங்களில் நடக்க வேண்டிய லிக்னாவும் நடக்காமல் போனபோது, பலரும் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள். கண்காட்சி இல்லாமலும் ஆணைகள் வந்தனவா இல்லையா என்பதே அந்தக் கணக்கு.

பெரியவர் ஒருவர் விலகினால் அவரைப் பார்க்க வந்த கூட்டமும் விலகுகிறது. வெற்றிடத்தை நிரப்ப ஏற்பாட்டாளர் கால் பிடித்துவிடும் நாற்காலி விற்பவரையும், நகைக்குப் பளபளப்பு ஏற்றும் திரவம் விற்பவரையும் கொண்டுவந்து உட்காரவைக்கிறார். நான்கு அரங்குக்கு ஒன்று இப்படியாகிவிட்டால் தச்சர் அந்தக் கண்காட்சியைத் தன்னுடையதாக நினைக்க மாட்டார். நீங்கள் சுற்றிப் பார்த்தபோது உணர்ந்த சலிப்பு இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தச் சுழல் தவிர்க்க முடியாத விதி என்று நான் கருதவில்லை. அதே ஹனோவர் கண்காட்சித் திடலில் நடந்த கணினித் துறைக் கண்காட்சியான சீபிட் 2001இல் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்களைக் கண்டது. 2018இல் அது சுமார் 1 லட்சத்து 20 ஆயிரமாகச் சுருங்கியதும், அத்துடன் நிறுத்தப்பட்டது. அதே திடலில் லிக்னா இன்றும் நடக்கிறது. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். என் ஊகம் எளியது. கணினியைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கணினியே போதும். ஆனால் ரம்பம் பலகையைச் சில்லுப் பெயராமல் வெட்டுகிறதா என்று தெரிந்துகொள்ள, வெட்டிய விளிம்பின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். கடிதத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் கண்ணாடிப் பெட்டிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. திருட்டுக்குப் பயந்து கருவியைப் பூட்டிவைத்த நாளிலிருந்து, ஓடாத இயந்திரத்தைக் கம்பளத்தில் நிறுத்திய பெரிய நிறுவனத்துக்கும் உங்களுக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பெட்டி வந்திருக்கிறது, கடைசி மூன்று முறையும் விற்பனை விழுந்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி நிகழ்ந்ததால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கூட்டமும் அதே காலத்தில் குறைந்திருக்கிறது. ஆனாலும் குறை முழுவதும் கண்காட்சியிடம் என்று தீர்ப்பளிக்க எனக்கு மனம் வரவில்லை.

கூட்டத்தைப் பற்றி நீங்கள் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் உங்கள் இழைப்புளியை எடுத்து, நீங்கள் பிடிக்கும் முறையைச் சொல்லி, அவர் நான்கைந்து முறை தள்ளிப் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டுவிட்டு நகர ஆறு நிமிடமாவது ஆகும். மணிக்குப் பத்துப் பேர். உணவு, அலகு தீட்டும் நேரம், காலை மாலை மந்தம் எல்லாம் போக நாளுக்கு ஆறு மணி நேரம் உருப்படியாகக் கிடைத்தால் 60 பேர். மூன்று நாளில் 180 பேர். உதவிக்கு ஓர் ஆளை வைத்து இரண்டாவது மேசை போட்டாலும் 360 பேருக்கு மேல் உங்களால் கவனிக்க முடியாது. அப்படியென்றால் கண்காட்சிக்கு இருபதாயிரம் பேர் வந்தாலும் நாலாயிரம் பேர் வந்தாலும் உங்கள் மேசைக்கு வித்தியாசம் மிகக் குறைவு. அந்த நாலாயிரத்தில் கைக்கருவி மேல் உண்மையான ஈடுபாடு உள்ள 360 பேர் இருக்கிறார்களா, அவர்கள் கண்ணில் நீங்கள் படுகிறீர்களா என்பது மட்டுமே கேள்வி. உங்களால் கவனிக்கவே முடியாத பெருங்கூட்டத்துக்காக நீங்கள் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கூட்டம் குறைந்ததற்காக வருந்துவதைவிட, குறைந்த கூட்டத்துக்கு ஏற்றபடி வாடகை குறையவில்லையே என்று ஏற்பாட்டாளரிடம் வாதாடுவது பயன்தரும்.

மேசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். வாடகைக்குக் கிடைக்கும் மடிப்பு மேசை மேல் இழைத்தால் மேசையே நடக்கும். பட்டறையில் உள்ள கனமான பணிமேசையைக் கழற்றிக் கொண்டுபோக வழியில்லையென்றால், கண்காட்சிக்கென்றே கழற்றிப் பூட்டும் கால்களோடு ஒன்று செய்துகொள்ளுங்கள். கீழ்த்தட்டில் மணல் மூட்டை வைத்தால் அசையாது. அதை அரங்கின் உள்ளே போடாமல் நடைபாதையின் விளிம்பில், வருபவர் உள்ளே நுழையாமலே கைவைக்கும்படி போட வேண்டும். அரங்குக்குள் கால்வைக்கத் தயங்குபவர்கள் அதிகம், வைத்தால் வாங்கச் சொல்வார்கள் என்ற அச்சம் அது. பக்கத்தில் நிற்பவர் தள்ளும்போது சீவல் சுருண்டு எழுவதைப் பார்த்தால், அடுத்தவர் தானாகவே வரிசையில் நின்றுகொள்வார்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் நேர்மை வேண்டும். நேர்ரேகையுள்ள மென்மரத்தைப் பிடித்துக் கொடுத்தால் எந்த இழைப்புளியும் பட்டுநூல்போலச் சீவும். விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போய்விடுவார், அவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள். மென்மரத் துண்டுக்குப் பக்கத்திலேயே ரேகை முன்னும் பின்னுமாக மாறும் கடினமரத் துண்டு ஒன்றையும் பிடித்து வையுங்கள். அதில் இழை பிய்ந்து வந்தால், ஏன் பிய்ந்தது, அலகின் கோணத்தையோ அலகு வெளிவரும் வாயின் இடைவெளியையோ எப்படி மாற்றினால் அடங்கும் என்று அவர் கண்முன்னே மாற்றிக் காட்டுங்கள். அலகு மழுங்கிப்போனால் ஒளிக்காமல் அங்கேயே தீட்டுங்கள். நீங்கள்தான் தீட்டும் பிடிப்பானும் விற்கிறீர்களே, அதற்கு இதைவிடச் சிறந்த விளம்பரம் வேறு இல்லை. வருபவர் தன் மழுங்கிய உளியைக் கொண்டுவந்தால் தீட்டித் தருவோம் என்று முன்கூட்டியே அறிவித்தால், அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே உங்கள் அரங்கை நோக்கித்தான் கிளம்புவார்.

திருட்டைப் பற்றிய உங்கள் கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை. தொடுவதற்கென்று வகைக்கு ஒன்று மட்டும் வெளியே வையுங்கள், அவற்றின் கைப்பிடிக்கு விற்பனைப் பொருளில் இல்லாத பளிச்சென்ற நிறம் ஒன்றைப் பூசிவிடுங்கள். விற்பனைச் சரக்கு பூட்டிய பெட்டியில் மேசைக்கு அடியில் இருக்கட்டும். நிறம் பூசிய கருவியை எடுத்துக்கொண்டு நடப்பவர் நான்கு அரங்கு தாண்டியும் தெரிவார். அப்படியும் ஒன்று போனால், அதைச் செயல்விளக்கச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் விற்காமல் கிடந்தவற்றின் இழப்பு அதைவிடப் பெரிது.

விற்பனைக் கணக்கை எடுக்கும் முறையும் மாற வேண்டும். கண்காட்சி நாளில் கல்லாவில் விழுந்ததை மட்டும் எண்ணினால் நீங்கள் தோற்றதாகவே தெரியும். நல்ல கைக்கருவியை வாங்குபவர் அன்றே வாங்குவதில்லை. வீட்டுக்குப் போய், தன்னிடம் இருப்பதை இன்னொரு முறை பிடித்துப் பார்த்து, மனம் கேட்காமல் பிறகு வாங்குகிறார். மேசையில் கைவைத்த ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட சிறு சீட்டு ஒன்றைக் கொடுங்கள். அந்த எண்ணைச் சொல்லி ஆறு மாதத்துக்குள் வரும் ஆணைகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாத முடிவில் மொத்தச் செலவைச் சீட்டு வழி வந்த ஆணைகளால் வகுத்தால், ஒரு வாடிக்கையாளரைப் பெற உங்களுக்கு எவ்வளவு ஆனது என்று தெரியும். அந்தத் தொகை ஓர் இழைப்புளியில் உங்களுக்கு நிற்கும் இலாபத்தைவிட அதிகமாக இருந்தால், அவர் இரண்டாவது கருவியும் வாங்குகிறாரா என்று மேலும் ஓராண்டு பாருங்கள். அதற்குப் பிறகும் தேறவில்லையென்றால், மறுபேச்சில்லாமல் விலகிவிடலாம்.

பெரிய கூடத்தை விட்டுச் சிறிய கூடுகைகளுக்குப் போனவர்களின் அனுபவமும் உங்களுக்கு உதவும். 1981இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொடங்கப்பட்ட லீ நீல்சன் கைக்கருவி நிறுவனம், பட்டறைகளிலும் மரவேலைப் பள்ளிகளிலும் பணிமேசைகளைப் போட்டு, வருபவர் எல்லாக் கருவிகளையும் இழைத்தும் அறுத்தும் பார்க்கும்படியான நிகழ்ச்சிகளைப் பல ஊர்களில் நடத்தியது. அயோவா மாநிலத்தின் அமானாவில் 2013இல் ஹேண்ட்வொர்க்ஸ் என்ற கூடுகை பழைய களஞ்சியக் கட்டடங்களில் நடந்தது. கருவி செய்பவர்களே மேசைக்குப் பின்னால் நின்றார்கள். 2015, 2017, 2023 ஆகிய ஆண்டுகளிலும் அது நடந்தது. 2015இல், எச். ஓ. ஸ்டட்லி என்ற பியானோ தொழிலாளியின் புகழ்பெற்ற கருவிப் பெட்டியை அருகிலுள்ள சீடர் ரேப்பிட்ஸ் நகரில் அதே நாள்களில் காட்சிக்கு வைத்தார்கள். வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாத ஒன்று இருந்தால் தொலைவு ஒரு தடையே இல்லை. ஆனால் இதைக் கண்டு மயங்கிவிட வேண்டாம். இத்தகைய கூடுகைகள் இரண்டு மூன்று பேரின் உழைப்பில் நிற்பவை. அவர்கள் களைத்துப்போனால் அடுத்தது எப்போது என்று எவருக்கும் தெரியாது. ஆண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். உங்கள் வருமானத்தை அதன் மேல் மட்டும் கட்ட முடியாது.

ஏற்பாட்டாளரைப் பகைவராகக் கருத வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். கூடத்தை அவர் நீண்ட காலத்துக்கு முன்பே ஒப்பந்தம் செய்திருப்பார். பாதிக் கூடம் காலியாகக் கிடந்தாலும் முழு வாடகையும் அவர் தலையில்தான் விழும். அந்தப் பதற்றத்தில்தான் அவர் கால் பிடிக்கும் நாற்காலிக்கு இடம் கொடுக்கிறார். அந்தப் பதற்றமே உங்களுக்குப் பேரம் பேசும் வலிமையும் ஆகிறது. பதினோரு ஆண்டு வந்தவரை இழக்க அவர் விரும்பமாட்டார்.

ஆகவே முன்பணக் கடிதத்துக்குப் பதிலாகச் சில கேள்விகளை எழுதி அனுப்புங்கள். அரங்குக்குள் கையால் இழைக்கவும் அறுக்கவும் அனுமதி உண்டா, சீவலை அள்ளுவது யார் பொறுப்பு? இன்றுவரை பணம் கட்டி உறுதிசெய்தவர்களின் பட்டியலைத் தர முடியுமா? போன ஆண்டின் பட்டியலை மட்டும் காட்டினால் அதை ஏற்க வேண்டாம். இப்போதுள்ள அரங்கில் பாதி அளவு கிடைக்குமா? செயல்விளக்கப் பேச்சுகள் நடக்கும் மேடைக்கு அருகில் இடம் தருவார்களா? நுழைவாயிலைவிட அதுவே உங்களுக்கு நல்ல இடம், ஏனென்றால் நுழைவாயிலில் எல்லோரும் நடந்துகொண்டிருப்பார்கள், பேச்சு முடிந்து வருபவர் கையால் செய்து பார்க்கும் ஆசையோடு வருவார். உங்களைப்போலச் சிறு அளவில் தொழில் செய்யும் மூன்று பேர், ஒருவர் ரம்பம், ஒருவர் தீட்டுக்கல், ஒருவர் பணிமேசைப் பிடிப்பான்கள் என்று போட்டியில்லாத பொருள்களோடு சேர்ந்து, ஓர் அரங்கைப் பகிர்ந்துகொள்ள விதி இடங்கொடுக்கிறதா என்றும் கேளுங்கள். அப்படி முடிந்தால் செலவு நாலில் ஒன்றாகும், மேசைகளும் எப்போதும் ஆளோடு இருக்கும்.

இழைப்பதற்கு அனுமதி இல்லை என்று பதில் வந்தால், மற்ற சலுகைகள் எவ்வளவு கிடைத்தாலும் இந்த ஆண்டு கட்ட வேண்டாம். அந்தத் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, ஏதேனும் மரவேலைப் பயிற்சிப் பட்டறையில் இரண்டு வார இறுதிகளுக்கு இரண்டு மேசை போட்டுப் பாருங்கள், அதே எண்ணிட்ட சீட்டு முறையோடு. அனுமதி உண்டு என்றால் பாதி அரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதற்கு முன், நிகழ்ச்சி தள்ளிப்போனாலோ கூடம் மாறினாலோ முன்பணத்தில் எவ்வளவு, எத்தனை நாளுக்குள் திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாக யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.